ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர் அமைப்புகள்

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர் அமைப்புகள் என்பன ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வாசிங்டன், டி. சி.யில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் நடத்தும் மன்றங்கள், இதழ்கள், நிறுவனங்கள், தொண்டுக் குழுக்கள் ஆகியனவாகும். இப்பல்கலைக்கழகம் கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் மரபில் வந்தது. ஆகவே, எத்தகைய மாணவர் அமைப்பை ஒரு கத்தோலிக்கக் கல்வி நிலையம் தன்னுடையதாக ஏற்கலாம் என்னும் கேள்வி இதன் வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. இக்கேள்விக்கு 1987 ஆம் ஆண்டு நீதிமன்றம் அளித்த விடை இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

பின்னணி

ஜார்ஜ்டவுன் கல்லூரியை 1789 ஆம் ஆண்டு ஜான் கரோல் நிறுவினார். இவர் ஐக்கிய அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயராவார். அந்நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்க உயர்கல்வி நிலையம் இதுவே. எச்சமயத்தைச் சார்ந்த மாணவரும் இங்குப் பயிலலாம் என்பது கரோலின் தொடக்கத் திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இக்கல்லூரி மாணவர்கள் இரு தரப்பிலும் சேர்ந்து போரிட்டனர். 1859 இல் 313 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1861 இல் 17 ஆகக் குறைந்தது. போருக்குப் பின் 1876 இல், படகோட்டக் குழு மாணவர்கள் வடவர் படையுடையின் நீலத்தையும் தென்னவர் படையுடையின் சாம்பல் நிறத்தையும் இணைத்துத் தம் கல்லூரியின் நிறங்களாகத் தேர்ந்தனர். இந்நிறங்களே இன்றும் பல்கலைக்கழகத்தின் நிறங்களாக உள்ளன.

பெண்கள் முன்னரே செவிலியர் கல்வி போன்ற பிரிவுகளில் பயின்று வந்தனர். எனினும், இளநிலைப் படிப்பின் மையமான கல்லூரியில் அவர்கள் 1969 இல்தான் சேர்க்கப்பட்டனர்.

பழைய மன்றங்கள்

1830 இல் தோன்றிய ஃபிலோடெமிக் மன்றம் நாட்டின் மிகப் பழைய மாணவர் விவாத மன்றங்களுள் ஒன்று. இது ஹீலி மண்டபத்தில் தன் பெயரால் அழைக்கப்படும் அறையில் கூடி விவாதங்களை நடத்துகின்றது. 1852 இல் தொடங்கிய மாஸ்க் அண்ட் பாபிள் நாடகக் குழு, இடையறாது இயங்கிவரும் மாணவர் நாடகக் குழுக்களுள் நாட்டிலேயே தானே மூத்தது எனக் கூறிக்கொள்கின்றது. இசைக்கருவிகளின்றிக் குரலால் மட்டும் பாடும் சைம்ஸ் குழு 1946 இல் உருவானது.

இதழ்களும் வானொலியும்

தி ஹோயா என்னும் மாணவர் செய்தித்தாள் 1920 முதல் வெளிவருகின்றது. வளாகத்துக்கு வெளியே நிகழும் நாட்டு நடப்புகளையும் எழுத வேண்டும் எனக் கருதிய சிலர் அதிலிருந்து பிரிந்து, வியட்நாம் போர்க் காலமாகிய 1969 இல் தி ஜார்ஜ்டவுன் வாய்ஸ் என்னும் இதழைத் தொடங்கினர்.

டபிள்யூ.ஜி.டி.பி. என்னும் மாணவர் வானொலி 1946 இல் தொடங்கப்பட்டது. 1970களில் இது போர் எதிர்ப்புக் கருத்துகளையும், தற்பாலீர்ப்பாளர்களுக்கான நிகழ்ச்சியையும், கருக்கலைப்பு தொடர்பான அறிவிப்புகளையும் ஒலிபரப்பியது. இவை கத்தோலிக்கக் கல்வி நிலையத்துக்குப் பொருந்தாதவை என நிருவாகம் கருதியது. 1979 இல் நிலையம் மூடப்பட்டு, அதன் அலைவரிசை கொலம்பியா மாவட்டப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு டாலருக்கு அளிக்கப்பட்டது. அதே 90.1 அலைவரிசை 1997 இல் சி-ஸ்பான் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மாணவர் வானொலி பின்னாளில் இணையத்தின் வழி மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது.

மாணவர் நடத்தும் நிறுவனங்கள்

ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் ஜார்ஜ்டவுன் என்பது மாணவர்களே நடத்தும் இலாப நோக்கற்ற நிறுவனமாகும். இது சுருக்கமாக தி கார்ப் எனப்படும். 1971 மே மாதம் தலைநகரில் நிகழ்ந்த போர் எதிர்ப்புப் போராட்டங்களின் பின்னணியில், பல்கலைக்கழகத்தைச் சாராத தனிச் சட்ட அமைப்பு மாணவர்களுக்கு வேண்டும் என்னும் எண்ணத்தில், 1972 இல் இது பதிவு செய்யப்பட்டது. பின்னர் வளாகத்தில் மளிகைக் கடையும் காப்பிக் கடைகளும் நடத்தும் நிறுவனமாக வளர்ந்தது. கொள்முதல், கணக்கு, பணியமர்த்தல் அனைத்தையும் மாணவர்களே கவனிக்கின்றனர்.

1983 இல் மாணவர்கள் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினர். 1982 இல் தொடங்கிய அவசர மருத்துவக் குழுவில், பயிற்சி பெற்ற மாணவர்கள் ஊதியமின்றி ஆம்புலன்சு சேவை அளிக்கின்றனர். இவ்வமைப்புகள் சிலவற்றில் சேர விண்ணப்பமும் நேர்காணலும் உண்டு. பொழுதுபோக்கவும் நண்பர்களைத் தேடவும் ஏற்பட்ட மன்றங்களில் புதிய மாணவர்கள் முதல் பருவத்திலேயே தோல்வியைச் சந்திக்க நேர்கின்றது என்னும் குறை மாணவர்களிடையே உண்டு.

அங்கீகாரச் சிக்கல்

1970களின் இறுதியில் தற்பாலீர்ப்பு மாணவர்கள் ஓர் அமைப்பை உருவாக்கி, அதற்கு அங்கீகாரம் கோரினர். திருச்சபையின் போதனைக்கு முரணான அமைப்பை அங்கீகரிக்க இயலாது எனப் பல்கலைக்கழகம் மறுத்தது. மாணவர்கள் கொலம்பியா மாவட்டத்தின் மனித உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தனர். 1983 இல் விசாரணை நீதிமன்றம் சமயச் சுதந்திரத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

1987 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்கோரிக்கையை இரண்டாகப் பிரித்து நோக்கியது. அங்கீகாரம் என்பது ஒப்புதலைக் குறிக்குமானால், அதனை அளிக்குமாறு ஒரு சமய நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் கூட்ட அறை, அஞ்சல் பெட்டி, நிதி கோரும் உரிமை போன்ற வசதிகளைப் பிற அமைப்புகளுக்கு அளிப்பது போலவே இவர்களுக்கும் அளித்தல் வேண்டும். இத்தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதி வெற்றியாக அமைந்தது. ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசு 1989 இல் அம்மாவட்டச் சட்டத்தைத் திருத்தி, சமயக் கல்வி நிலையங்களுக்கு விலக்கு அளித்தது. ஆயினும் மாணவர்களுக்குக் கிடைத்த வசதிகள் நிலைத்தன. 2008 இல் இத்தகைய மாணவர்களுக்கான உதவி மையம் ஒன்றைப் பல்கலைக்கழகமே திறந்தது. ஐக்கிய அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இதுவே முதலாவதாகும்.

கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் குழுவின் நிலை வேறு. 1991 இல் அளிக்கப்பட்ட வசதிகள், கத்தோலிக்கர் சிலரின் எதிர்ப்புக்குப் பின் 1992 இல் திரும்பப் பெறப்பட்டன. அதன் வழிவந்த ஹோயாஸ் ஃபார் சாய்ஸ் என்னும் அமைப்பு அங்கீகாரமின்றியே இயங்குகின்றது. ஹோயா என்பது பல்கலைக்கழகத்துக்குரிய பெயராதலால், இவ்வமைப்பு தன் பெயரில் ஓர் எழுத்துக்குப் பதிலாக உடுக்குறி இட்டு எழுதுகின்றது. கருக்கலைப்பை எதிர்க்கும் மாணவர்களோ, கர்தினால் ஓ'கானர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு மாநாட்டை வளாகத்தில் நடத்துகின்றனர். இது 2000 முதல் நடைபெறுகின்றது.

திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டுமே எனக் கூறும் லவ் சாக்சா என்னும் மாணவர் குழு மீது 2017 இல் எதிர்த்திசையிலிருந்து முறையீடு வந்தது. அதன் நிதியை நிறுத்த வேண்டும் என்னும் அக்கோரிக்கையை மாணவர் செயற்பாட்டு ஆணையம் 8-4 என்னும் வாக்குகளால் நிராகரித்தது.

பல சமய மாணவர்கள்

வளாகத்தில் டால்கிரன் சிற்றாலயம் உள்ளது. மாணவர் விடுதிகள் சிலவற்றில் இயேசு சபைக் குருக்களும் தங்கியுள்ளனர். 1968 இல் யூத சமயத்துக்கும், 1999 இல் இசுலாத்துக்கும், 2016 இல் இந்து சமயத்துக்கும் முழுநேர வழிகாட்டிகள் நியமிக்கப்பட்டனர். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஓர் யூத குரு முழுநேரப் பணியில் அமர்ந்தது 1968 இல் நிகழ்ந்த புதுமையாகும். வளாகப் பள்ளிவாசல் 2023 இல் திறந்துவைக்கப்பட்டது. தெற்காசிய மாணவர் சங்கம் நடத்தும் ரங்கீலா என்னும் நடன நிகழ்ச்சியில் தெற்காசியர் அல்லாத மாணவர்களும் பெருமளவில் ஆடுகின்றனர். இதன் வருவாய் அறப்பணிகளுக்கு அளிக்கப்படுகின்றது.

சமூக வாழ்க்கை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சமூக வாழ்க்கையின் மையமாக விளங்கும் கிரேக்க எழுத்துப் பெயருடைய ஆண், பெண் விடுதிச் சங்கங்களை ஜார்ஜ்டவுன் அங்கீகரிப்பதில்லை. எனவே மன்றங்களே அவ்விடத்தைப் பெரிதும் நிரப்புகின்றன. 1970களில் ஹீலி மண்டபத்தின் அடித்தளத்தில் மாணவர் மதுக்கூடம் ஒன்று இருந்தது. மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 21 ஆக உயர்த்தப்பட்டபின், 1988 இல் அது மூடப்பட்டது. 1962 இல் வளாகத்தின் அருகே திறக்கப்பட்ட தி டூம்ஸ் என்னும் உணவகமும் மாணவர்கள் கூடும் இடமாகும். மாணவர் விருந்துகளின் இரைச்சல் குறித்து அண்டை வீட்டாருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நெடுநாள் பூசல் இருந்தது. மாணவர்களைக் கூடுதலாக வளாகத்துக்குள்ளேயே தங்கச் செய்ய 2012 இல் உடன்பாடு காணப்பட்டது.

கூடைப்பந்து ஆட்டங்களில் மாணவர்கள் எழுப்பும் "ஹோயா சாக்சா" என்னும் முழக்கம் கிரேக்கமும் இலத்தீனும் கலந்தது. ஜான் தாம்சனின் பயிற்சியில், பேட்ரிக் யூயிங் இடம்பெற்ற அணி 1984 இல் தேசிய வாகையர் பட்டம் வென்றது.

சமூக நீதிப் போராட்டங்கள்

2005 மார்ச் மாதத்தில், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வாழ்வதற்குப் போதிய ஊதியம் கோரி மாணவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். உழைப்பாளரின் உரிமை பற்றிய கத்தோலிக்கச் சமூகப் போதனையையே அவர்கள் நிருவாகத்துக்கு எதிராக எடுத்துக்காட்டினர். ஒரு வாரத்துக்கும் மேல் நீடித்த நோன்பின் முடிவில் பல்கலைக்கழகம் ஊதிய உயர்வுக்கு இசைந்தது.

1838 இல் மேரிலாந்து இயேசு சபையினர் தம் உடைமையாக வைத்திருந்த 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றனர். அத்தொகையின் ஒரு பகுதி கல்லூரியின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. 2015 நவம்பரில், விற்பனையுடன் தொடர்புடைய இரு தலைவர்களின் பெயர்களைக் கட்டடங்களிலிருந்து நீக்கக் கோரி மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். அப்பெயர்கள் நீக்கப்பட்டன. 2017 இல் அவற்றுள் ஒரு கட்டடத்துக்கு, விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்ற ஐசக் ஹாக்கின்சின் பெயர் சூட்டப்பட்டது.

2019 ஏப்ரலில் நடந்த மாணவர் வாக்கெடுப்பில், அவ்வடிமைகளின் வழித்தோன்றல்களுக்காக ஒவ்வொரு மாணவரும் பருவந்தோறும் 27.20 டாலர் செலுத்த வேண்டும் என்னும் தீர்மானம் ஏறத்தாழ 66 விழுக்காட்டு வாக்குகளால் நிறைவேறியது. 1838 இல் பிறந்திராதவர்கள் தம் கையிலிருந்து கொடுக்க முன்வந்தது நாடெங்கும் பேசப்பட்டது. நிறுவனத்தின் கடனை மாணவர் ஏன் சுமக்க வேண்டும் என எதிர்த்தோரும் இருந்தனர். பல்கலைக்கழகம் இக்கட்டணத்தை நடைமுறைப்படுத்தவில்லை. மாறாக, ஆண்டுக்கு 4,00,000 டாலர் அளவில் நன்கொடை வழி நிதி திரட்டி, வழித்தோன்றல் சமூகங்களுக்கான பணிகளுக்கு வழங்குவதாக அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. பின்னர் இது மீளிணக்க நிதி என்னும் பெயரில் செயற்படத் தொடங்கியது.