அரங்கம் யாரைக் கேட்டு எழுகிறது?

ஏர் செய்பவன் உழுபவனைக் கேட்டுச் செய்கிறான். செருப்புத் தைப்பவன் காலை அளந்து தைக்கிறான். அரங்கம் கட்டுவோர் மட்டும், ஆடுவோரைக் கேளாமலே கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்கு அழைக்கின்றனர்! இதுவா தமிழரின் பழைய வழக்கம்? அன்று என்கிறது வரலாறு.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டுவோம். மாதவி ஏறிய மேடை மனம்போன போக்கில் எழுந்ததன்று. நூல் கற்றோர் வகுத்த முறைப்படி நிலம் தேர்ந்தனர். நெடுமலை மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்ததைத் தேடி, 24 விரல் அளவுள்ள கோலாக்கினர். அக்கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என மேடை அமைத்தனர். தளத்திற்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல் விட்டனர். புகவும் போகவும் இரு வாயில்கள்; ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள்; தூண் நிழல் அரங்கில் விழாவண்ணம் விளக்குகள். பூதங்களின் ஓவியத்தையும் மேலே வைத்தனர் என்கிறார் இளங்கோ. ஆனால் நிழலை விலக்கியது பூதமன்று. விளக்கை எங்கே வைப்பதென அறிந்த மனித மூளை!

ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணமும் அதே காதையில்தான் உள்ளது. ஆட்டத்தையும் அரங்கத்தையும் அன்று எவரும் பிரித்து எண்ணவில்லை.

பிரித்து எண்ணினால் என்ன நேரும்? ஆஸ்திரேலியாவின் சிட்னியைப் பாருங்கள். 1957-இல் யோர்ன் உட்சனின் வடிவம் தேர்வாயிற்று. கூரையை உலகம் வியந்தது. உள்ளே? இசைநாடகத்திற்கும் இசையரங்கிற்கும் பொதுவென வகுத்த பெருமண்டபம், 1966-இல் அவர் விலகிய பின், இசையரங்கிற்கு மட்டுமென மாறியது. பொருத்திய மேடைப் பொறிகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இசைநாடகம் சிறிய மண்டபத்தில் ஒடுங்கியது. 1973-இல் திறந்த பெருமண்டபத்தின் ஒலிக்குறையைக் களையும் பெரும்பணி 2022-இல்தான் முடிந்தது. உள்ளே நடப்பது இன்னதென உறுதி செய்யுமுன் கூரையை முடிவு செய்ததன் விலை அது!

இனி நம் மண்ணுக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். நாளை அங்கோர் அரங்கம் எழுமாயின், எங்கோ தீட்டிய வரைபடமா மலையேற வேண்டும்? தெருக்கூத்து, மூன்று புறமும் மக்கள் சூழ, விடிய விடிய நிகழும் கலை. ஒருபுறம் மட்டும் திறந்த உயர்மேடை அதற்குப் பொருந்துமா? கூத்தரைக் கேட்டாலன்றோ தெரியும்!

எனவே நாம் வேண்டுவது இதுதான்: வரைபடத்தில் முதற்கோடு விழுமுன், மேடை அமைப்பாளரும், ஒளி, ஒலி வல்லுநரும், அவ்வூர்க் கலைஞரும் பொறியாளரின் பக்கத்தில் அமர வேண்டும். அன்று மலை மூங்கில் கோலாகி மாதவியின் அரங்கை அளந்தது. இன்று மலை மக்களின் அரங்கை அளக்கும் கோல், ஆடுவோர் கையிலும் இருக்கட்டும்!