திங்கட்கிழமை மாத்திரையும் எல்லாப்ரகடா சுப்பாராவும்

எங்க அவ்வாவுக்கு மூட்டுவாதம். (வீட்டில் பேசுவது தெலுங்கு, அதனால் பாட்டி எங்களுக்கு அவ்வா. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.) டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டு மாத்திரை. திங்கட்கிழமை மட்டும் மெத்தோட்ரெக்சேட், செவ்வாய்க்கிழமை ஃபோலிக் ஆசிட். இரண்டுமே மஞ்சள், இரண்டுமே பொடிசு. போன மாசம் ரெண்டையும் மாத்திப் போட்டுக் குழப்பி, மூணு நாள் தொடர்ந்து திங்கட்கிழமை மாத்திரையையே முழுங்கிட்டாங்க. வாயெல்லாம் புண். ரத்தம் எடுத்துப் பார்த்து, அணுக்கள் இறங்கலை, பிழைச்சீங்க என்றார் டாக்டர். போகிற போக்கில், "இது கேன்சருக்கும் குடுக்கற மருந்துப்பா, விளையாட்டு இல்ல" என்று ஒரு வார்த்தையும் விட்டார். அது அவ்வா காதில் விழுந்துவிட்டது. "எனக்கு அதுதான்னு எங்கிட்ட மறைக்கிறீங்களா?" அன்றிலிருந்து அவங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவங்களுக்குப் புரியவைக்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். போய் நின்ற இடம் கோதாவரிப் பக்கம் பீமவரம்!

எல்லாப்ரகடா சுப்பாராவ் பிறந்தது அங்கே, 1895ல். படித்தது நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார் என்று கதரில் மேலங்கி போட்டுக்கொண்டு போனதில் அறுவைசிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குக் கோபம். விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடச் சின்னதான எல்.எம்.எஸ். பட்டம். அந்த நாட்களிலேயே ஸ்ப்ரூ என்கிற வயிற்றுநோயில், சில நாட்கள் இடைவெளியில், சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். தனக்கும் அதே நோய் வந்தபோது ஆயுர்வேதம் காப்பாற்றியது.

1923ல் பாஸ்டன் போனார். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி. ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை 1925ல். நம் உடம்பின் சக்தி நாணயமான ஏடிபி பற்றிய கட்டுரை 1929ல். இவ்வளவும் செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை தரவில்லை. 1940ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று என்றே நினைக்கிறேன். 1945ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகையை ஆற்றியது அதே பொருள்தான். அண்ணன் தம்பிக்கு வேண்டியிருந்த மருந்து, கால் நூற்றாண்டு தாமதமாக.

சிட்னி ஃபார்பர் என்ற பாஸ்டன் டாக்டர் லுகேமியா குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகம் பிடித்தது. பயங்கரமான தோல்விதான். ஆனால் அதிலேயே விடையும் இருந்தது. ஃபோலிக் அமிலம் கேன்சர் அணுவுக்குத் தீனி என்றால், தீனி மாதிரியே தெரியும் ஒரு போலியைக் கொடுத்தால்? நம்ம பாஷையில் சொன்னால், இன்டர்ஃபேஸ் அதே, உள்ளே வேலை மட்டும் நடக்காது. செல் அதை வாங்கிக்கொண்டு டிஎன்ஏ கட்ட முடியாமல் நிற்கும். அந்தப் போலியை, அமினோப்டெரினை, சுப்பாராவின் ஆட்கள் செய்து கொடுத்தார்கள். 1948ல் ஃபார்பர் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான். ஆனாலும் அதற்கு முன் மருந்தால் லுகேமியா இப்படிப் பின்வாங்கியதே இல்லை. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே போய்விட்டார், 53 வயதில். அமினோப்டெரினின் தம்பிதான் எங்கள் திங்கட்கிழமை மாத்திரை.

சுப்பாராவ் படித்த அதே கல்லூரியிலிருந்து வந்த இன்னும் இருவரைச் சொல்லாமல் விட முடியாது. தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அவர் 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரியில் அடுத்த வருஷமே சேர்ந்து 2021ல் சாகும்வரை அங்கேயே இருந்த சாந்தா. 1980களில் அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் ஊருக்குக் கட்டுப்படியாகிற ஒரே சிகிச்சை முறையை லுகேமியாவுக்குக் கொண்டுவந்தன. எம்சிபி 841 என்று பெயர். குழந்தைகளின் முதுகுத்தண்டில் போடும் ஊசியாக மெத்தோட்ரெக்சேட் அதிலும் உண்டு.

இங்கேதான் எனக்கு உறைத்தது. காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்டில் 'லுகேமியா டேட்டாசெட்' ஒன்றை வைத்து விளையாடியிருக்கிறேன். டாட் கோலப் குழு 1999ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. 38 நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் 6817 ஜீன்கள் எந்த அளவு வேலை செய்கின்றன என்று பார்த்து, அது லிம்ஃபாய்டா மைலாய்டா, எந்த வகை லுகேமியா என்று கம்ப்யூட்டரையே சொல்லவைத்தார்கள். சோதிக்க இன்னும் 34 பேர். என் ப்ரோக்ராம் அந்த 34ல் ஒன்றைத் தப்பாகச் சொன்னது. 97 சதவீதம் என்று வைவாவில் பெருமையடித்து கைதட்டல் வாங்கினேன். வகை மாறினால் மருந்தே மாறிவிடும் என்பதெல்லாம் அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு வரிசை ஒரு ஆள் என்பதும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், மாத்திரைக்கு இரண்டு டப்பா வாங்கி, ஒன்றில் பெரிய எழுத்தில் தி, இன்னொன்றில் செ என்று ஒட்டினேன். கேன்சருக்குக் கொடுக்கும் அளவு வேறு, உங்க அளவு வேறு, போலி தின்ற வயிற்றுக்குத்தான் மறுநாள் நிஜத்தைக் கொடுக்கிறார்கள் என்று தெலுங்கில் முழுக்கதையும் சொன்னேன். கோலப்பும் ஹார்வர்டும் அவ்வாவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அந்த ரெண்டு பேருக்கு என்ன வயசுடா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாங்க. அப்புறம் ரெண்டு தோசை சாப்பிட்டாங்க.