மூச்சு முட்டாத குப்பை அள்ளல்: செனியின் இரண்டு பக்கம்

போன வாரம் நான் எழுதிய ப்ரோக்ராம் ஒன்று, பத்து லட்சம் கணு உள்ள லிங்க்டு லிஸ்ட்டை ரிகர்ஷனில் அழிக்கப் போய் பாதியில் செத்துப்போனது. ஸ்டாக் நிரம்பிவிட்டதாம்.

எங்கள் தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தவரை, கல்லைக் கட்டி இறங்கியவர்கள் ஒரு மூச்சுக்கு முடிந்த அளவுதான் சிப்பி அள்ளினார்கள். பிறகு மேலே வந்துவிடுவார்கள். ரிகர்ஷனுக்கு ஸ்டாக்தான் மூச்சு. ஆனால் அது மேலே வராமலே அடுத்த ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும்.

இந்தத் தலைவலி பழசு. 1960-ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரையில் கார்பேஜ் கலெக்‌ஷனை விவரித்தார். பயன்படும் பொருட்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போக ரிகர்ஷன்தான் இயல்பான வழி. கொடுமை என்னவென்றால், கார்பேஜ் கலெக்டரைக் கூப்பிடுவதே மெமரி தீர்ந்த பிறகுதான். அந்த நேரத்தில் அதுவே ஸ்டாக்குக்கு இடம் கேட்டால்? 1967-ல் ஷோரும் வெய்ட்டும் பாயிண்டர்களையே தற்காலிகமாகத் திருப்பி வைத்துத் தப்பினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், படிக்கத்தான் தலை சுற்றுகிறது. 1969-ல் ஃபெனிக்கலும் யோக்கல்சனும் மெமரியை இரண்டாகப் பிரித்து, உயிருள்ளதை மட்டும் மறுபாதிக்கு நகலெடுத்தார்கள். அதுவும் ரிகர்ஷன்தான்.

1970 நவம்பரில் சி. ஜே. செனி இரண்டே பக்கத்தில் இதை முடித்துவைத்தார். துறைமுகத்தில் ஒரு குடோனைக் காலி செய்வதாக வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு, அதில் கூடவே வரவேண்டிய பெட்டிகளின் விவரம். முதல் பெட்டிகளைப் புது குடோனில் வரிசையாக அடுக்குங்கள். பிறகு முன்னாலிருந்து நடந்து சீட்டுகளைப் படியுங்கள். வராத பெட்டி இருந்தால் வரிசையின் கடைசியில் கொண்டுவந்து வையுங்கள். பழைய இடத்தில் 'இன்ன இடத்துக்குப் போய்விட்டது' என்று எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே பெட்டியை இரண்டு தரம் தூக்குவீர்கள். சீட்டிலும் புது இடத்தைத் திருத்திவிடுங்கள். நடப்பவர் வரிசையின் கடைசியைத் தொட்டால் வேலை முடிந்தது.

காத்திருக்கும் வேலைகளுக்குத் தனியாக ஒரு பட்டியலே கிடையாது, புது குடோனில் நிற்கும் வரிசையே பட்டியல்! இரண்டு பாயிண்டர் போதும். 2008-ல் வந்த கூகுளின் வி8, இளம் பொருட்களுக்கு இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

குறையும் உண்டு. மெமரியில் பாதி எப்போதும் சும்மா கிடக்கும். அகலவாக்கில் போவதால், பக்கத்தில் இருக்கவேண்டிய தாயும் பிள்ளையும் தள்ளித்தள்ளி விழும், கேஷ் வீணாகும்.

என் ப்ரோக்ராமில் பாதி மெமரியை விட்டுக்கொடுக்கவெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு சின்ன வொய்ல் லூப், ஓடிவிட்டது.