குறுக்கீட்டு அச்சமும் ஊரக இணையமும்: தென் தமிழகக் கம்பியில்லா இணைப்புகளின் ஒழுங்குமுறை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வானலைக் குறுக்கீட்டைத் தடுப்பதற்காக வகுக்கப்பட்ட விதிகள், தென் தமிழக ஊரகங்களை இணையம் சென்றடைந்த முறையை எவ்வாறு வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மேலூர், தேனி முயற்சிகளும் 2005ஆம் ஆண்டின் உரிம விலக்கு விதிகளும் ஒருசேர நோக்கப்படுகின்றன. கட்டடக் கூரையை அளவுகோலாகக் கொண்ட உயர வரம்பு, ஆமத்தூர் போன்ற கரிசல் ஊர்களுக்கு நகரங்களைவிடக் குறைந்த வாய்ப்பையே அளித்தது என்பது கட்டுரையின் துணிபாகும்.

திறவுச் சொற்கள்: அலைக்கற்றை, குறுக்கீடு, உரிம விலக்கு, கார்டெக்ட், ஊரக இணையம், ஆமத்தூர்.

முன்னுரை

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் ஆமத்தூர் அமைந்துள்ளது. மானாவாரிப் புன்செய்களும், பாதுகாப்பு இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட தாழ்ந்த கூரைப் பட்டாசுக் கூடங்களும் சூழ்ந்த பகுதி இது. இவ்வாறு சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குத் தனிக் கம்பி இழுப்பது செலவு மிக்கது. எனவே, ஏற்கெனவே உள்ள மின்கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ இணையத்தைக் கொண்டு செல்லும் மாற்றுத் தொழில்நுட்பங்கள் 2000ஆம் ஆண்டையொட்டிக் கவனம் பெற்றன. இவ்விரண்டுக்கும் எதிராக எழுந்த முதல் வினா குறுக்கீடு பற்றியதே.

உரிமம் என்னும் அரண்

இந்தியாவில் வானலைக் கருவிகள் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திற்கும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திற்கும் உட்பட்டிருந்தன. உரிமமின்றி ஒரு கருவியை வைத்திருப்பதே குற்றம் என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. இம்முறையில், ஒருவர் பிறருக்கு இடையூறு விளைவிக்கிறாரா என்பது பின்னர் ஆராயப்படுவதில்லை. இடையூறு நேரலாம் என்னும் கருத்தில் முன்கூட்டியே அனுமதி கோரப்படுகிறது. ஐயத்தின் சுமை புதிதாக வருபவர்மீதே விழுகிறது.

மின்கம்பிவழி இணையம்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் இச்சுமை எதிர்த்திசையில் விழுந்தது. உறையற்ற மின்கம்பியில் உயர் அதிர்வெண் குறிப்பலைகளைச் செலுத்தினால், அக்கம்பியே அலைவாங்கியைப்போல் அலைகளை வெளியில் பரப்பும். அவ்வலைகள் சிற்றலை வானொலிப் பகுதியோடு மோதுவதால் அமெச்சூர் வானொலியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இருப்பினும், அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 14.10.2004 அன்று இத்தொழில்நுட்பத்திற்கு விதிகளை வகுத்து இடமளித்தது. அமெச்சூர் வானொலியாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. ஆணையம் தான் சார்ந்திருந்த ஆய்வறிக்கைகளின் சில பகுதிகளை வெளியிடாமல் மறைத்தது தவறு என 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவின் பிராட்பேண்ட் கொள்கையும் அதே 14.10.2004 அன்றே வெளியானது. வினாடிக்கு 256 கிலோபிட் என்னும் வேகத்தை அது அகன்ற அலைவரிசையின் குறைந்தபட்ச அளவாக வரையறுத்தது. ஆனால், தமிழக ஊரகங்களில் மாற்று வழியாகச் செய்து பார்க்கப்பட்டது மின்கம்பியன்று, வானலையே. அம்முயற்சி இக்கொள்கைக்கு முன்பே தொடங்கிவிட்டது.

மேலூர்: உரிமத்திற்குள் ஒரு முயற்சி

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் ஊரக இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை ஐஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், என்-லாக் நிறுவனம் ஆகியவை இதில் பங்கேற்றன. சென்னை ஐஐடியின் டெனெட் குழுவும் மைடாஸ் நிறுவனமும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கிய கார்டெக்ட் இதற்குப் பயன்பட்டது. நேர்ப்பார்வை கிடைக்கும் இடங்களில் சுமார் 10 கி.மீ. வரை, வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் அது இணைப்பளித்தது.

கார்டெக்டின் அடிப்படையான டெக்ட் தொழில்நுட்பம் குறுக்கீட்டைக் கருவியின் பொறுப்பாக்கியது. 10 அலைவரிசைகளும் அவை ஒவ்வொன்றிலும் 12 இருவழி நேரக்கூறுகளுமாக 120 தடங்கள் உள்ளன. கருவி அவற்றுள் ஓசை குறைந்ததைத் தானே தேர்ந்துகொள்ளும். 2002ஆம் ஆண்டின் தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டமும் 1880–1900 மெகாஹெர்ட்ஸ் பகுதியை, பல சேவையாளர்கள் ஒருங்கே இயங்கவல்ல இத்தகைய அமைப்புகளுக்குக் கருதலாம் என்றது. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனியே பரிசீலிக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனை நீங்கவில்லை. கருவி ஒத்திசையக் கற்றுக்கொண்ட பின்னரும் சட்டம் அனுமதி கோரும் நிலையிலேயே நின்றது. மேலூர் மையங்களுள் பல பின்னர் மூடப்பட்டன. அதற்கு வருவாய்க் குறைவு உள்ளிட்ட காரணங்கள் இருந்தன. அச்சரிவைக் குறுக்கீட்டின்மீது ஏற்ற இயலாது.

2005: விலக்கும் வரம்பும்

28.01.2005 அன்று வெளியான விதிகள் 2.4–2.4835 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு உரிம விலக்கு அளித்தன. பிறருக்குக் குறுக்கீடு செய்யலாகாது. தனக்கு நேரும் குறுக்கீட்டிற்குப் பாதுகாப்பும் கோரலாகாது என்பது அவ்விலக்கின் சாரம். கருவியின் திறன் 1 வாட், வெளிப்படும் கதிர்வீச்சுத் திறன் 4 வாட், அலைவாங்கியின் உயரம் அனுமதி பெற்ற கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டர் என மூன்று வரம்புகள் விதிக்கப்பட்டன.

இதே காலத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, தேனிப் பகுதியின் கிராமப் பார்வை மையங்களை வைஃபை வழியே இணைத்தது. இணைப்புகளின் தொலைவு 1 முதல் 15 கி.மீ. வரை இருந்தது. மருத்துவர் தேனியிலிருந்தே கிராமத்து நோயாளியுடன் காணொளியில் பேசினார். ஒரே கம்பத்திலுள்ள அண்மைக் கருவிகள் ஒன்றையொன்று இடையூறு செய்ததால், வைஃபையின் போட்டிமுறை அணுக்கத்தைக் கைவிட்டு, முறைவைத்துப் பேசும் நேரப்பங்கீட்டு முறையை ஆய்வாளர்கள் மென்பொருளில் அமைத்தனர். குறுக்கீட்டுக்குத் தீர்வு பொறியியலில் கிடைத்தது. கருவிகளை மிகுதியாகப் பழுதாக்கியது கிராம மின்சாரத்தின் தரக்குறைவே என்று 2008இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் பதிவு செய்தனர்.

கூரையும் ஐந்து மீட்டரும்

உயர வரம்பின் விளைவை எளிய கணக்கால் அறியலாம். வானலை நூல்போல் செல்வதில்லை; நடுவழியில் பருத்த நீள்வட்ட வெளி (பிரெனெல் மண்டலம்) அதற்குத் தேவை. 15 கி.மீ. இணைப்பில், 2.4 கிகாஹெர்ட்ஸில், அவ்வெளியின் நடு ஆரம் ஏறத்தாழ 22 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டுமெனில் 13 மீட்டர் தேவை. புவி வளைவுக்கு மேலும் 3 மீட்டர். ஆக, வெற்று நிலத்தின் மீதே இருமுனைகளிலும் 16 மீட்டர் உயரம் வேண்டும்.

கரிசல் ஊரின் ஒருதளக் கூரை 4 மீட்டர் எனக் கொண்டால், விதி அனுமதிப்பது 9 மீட்டர். நகரின் நான்கு மாடிக் கட்டடத்திலோ அதே விதி ஏறத்தாழ 17 மீட்டருக்கு இடமளிக்கிறது. நகரமுனை உயர்ந்திருந்தாலும் ஊர்முனை தாழ்ந்திருப்பதால் நடுவழியில் 13 மீட்டரே எஞ்சும். பனையும் கருவேலமும் இன்னும் கணக்கில் சேரவில்லை. ஆமத்தூரைப் போன்ற ஊர் இவ்வரம்பை மீறாமல் நகரோடு இணைய முயன்றால், 15 கி.மீ. இணைப்பு கைகூடாது, 5 கி.மீ. இணைப்பும் மரமற்ற வழியில் மட்டுமே இயலும். அதற்கு மேல் உயர்த்த, தனி அனுமதி நடைமுறைக்குத் திரும்ப வேண்டும்.

முடிவுரை

குறுக்கீடு கற்பனையன்று, தேனியில் அது உண்மையாகவே நேர்ந்தது. ஆயினும் நெரிசல் மிக்க நகருக்கும் வானலை காலியாகக் கிடக்கும் கரிசலுக்கும் ஒரே அளவுகோலை வைத்தமை, அச்சத்திற்குக் காரணம் குறைந்த இடத்தில் தடையை மிகுதியாக்கியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய இரு சட்டங்களின் இடத்தைப் பெறுவதற்காக இயற்றப்பட்டது. எனினும் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கு 2025இல் வெளியான வரைவு விதிகள், குறைதிறன் உட்புறப் பயன்பாட்டையும் மிகக்குறைதிறன் வெளிப்புறப் பயன்பாட்டையுமே முன்வைத்தன. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான வெளி இம்முறையும் விலக்கின் எல்லைக்கு அப்பாலேயே நிற்கிறது.