கோழிப்பண்ணை கேஸ் சிலிண்டருக்கு கேஜ்: எதை வாங்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

பிராய்லர் குஞ்சு இறக்கிய முதல் வாரத்தில் புரூடருக்கு அடியில் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் இருக்க வேண்டும். நள்ளிரவில் கேஸ் தீர்ந்து புரூடர் அணைந்தால், குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகும். இந்தப் பயத்தில்தான் பலரும் சிலிண்டரில் கேஜ் மாட்டுகிறார்கள். மாட்டியும் சிலருக்கு நடுராத்திரியில் கேஸ் தீர்ந்துவிடுகிறது.

காரணம் எளிது. கடையில் அதிகம் கிடைப்பது பிரஷர் கேஜ். அது கேஸின் அழுத்தத்தைக் காட்டும்; எத்தனை கிலோ மீதி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் ஒரு கிலோ மிச்சம் இருந்தாலும், மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம் நிறைந்த சிலிண்டரில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சட்டென்று இறங்கும். அப்போது பார்த்து என்ன பயன்?

வெயிலும் குளிரும் வேறு முள்ளை ஆட்டி வைக்கும். புரோப்பேன் மட்டும் இருந்தால் 21 டிகிரி செல்சியஸில் சுமார் 7.5 கிலோ அழுத்தம், 38 டிகிரியில் சுமார் 12 கிலோ. நமக்கு வரும் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால் அழுத்தம் இதைவிடக் குறைவு. ஆனால் வெப்பத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது அப்படியேதான். மதியம் 'நிறைய இருக்கு' என்று காட்டிய முள் மார்கழி விடியலில் இறங்கி நிற்பது இதனால்தான். ஒரே சிலிண்டரில் நிறைய புரூடர் ஓடினாலும் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வியர்த்து, அழுத்தம் இறங்கும். உள்ளே கேஸ் இருந்தும் தீ மங்கும். அதற்காகச் சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றுவதோ பக்கத்தில் தீ வைப்பதோ கூடவே கூடாது. இரண்டு சிலிண்டரை ஏஜென்சி மெக்கானிக்கை வைத்து இணைத்துக்கொள்ளுங்கள்.

காந்தம் போல ஒட்டும் பட்டை கேஜும் விற்கிறது. திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதை வைத்து அது நிறம் மாறும். கேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஓரளவு சரியாக இருக்கும். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தாலும் அதே விவரம் செலவில்லாமல் கிடைக்கும்: மேல்பகுதி சீக்கிரம் காயும், திரவம் உள்ள பகுதி ஈரமாகவே நிற்கும்.

நம்பகமான கேஜ் எது என்றால், தராசுதான். சிலிண்டரின் மேல் வளையத்தில் வெறும் எடை பொறித்திருக்கும். அது 18.2 கிலோ என்றும், இப்போது தராசில் 26.2 கிலோ என்றும் இருந்தால் மீதி 8 கிலோ. ஒரு பழைய பிளாட்பாரத் தராசை வாங்கி, சிலிண்டரை அதன் மேலேயே நிமிர்த்தி நிறுத்திவிடலாம். ரெகுலேட்டரின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். டியூப் இழுபடாமல் தொய்வாக இருக்கட்டும்.

மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு இரவுக்கு 4 கிலோ போகிறது என்றால், இரவில் மட்டும் எரிக்கும் பண்ணையில் 19 கிலோ சிலிண்டர் நான்கு இரவு தாங்கும். ஐந்தாம் இரவு விடிவதற்குள் நின்றுவிடும். ஆகவே மாலையில் 5 கிலோவுக்குக் கீழே இருந்தால், அன்றே மாற்றிவிடுங்கள்.

அப்படியானால் பிரஷர் கேஜ் வீணா? இல்லை, கசிவு பார்க்க உதவும். எல்லா புரூடரையும் மூடி, சிலிண்டர் வால்வைத் திறந்து மூடிவிட்டு, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். தீக்குச்சி வைத்துச் சோதிக்காதீர்கள். பண்ணையில் எலி டியூபைக் கடிப்பது சாதாரணம், தவிடு தேடி வரும் எலிக்கு அதுவும் ஒரு வேலை! வாங்கும்போது கேஸுக்கு என்றே செய்த கேஜாகவும், வழக்கமான அழுத்தத்தில் முள் நடுப்பகுதியில் நிற்பதாகவும் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் மோட்டாருக்கு மாட்டும் கேஜை மாட்டாதீர்கள்.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பண்ணையில் பயன்படுத்த அனுமதி கிடையாது. சிலிண்டரை ஷெட்டுக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிட எடை அதிகம். கசிந்தால் குழியிலும் வாய்க்காலிலும் போய்த் தேங்கும். வாடை வந்தால் முதலில் வால்வை மூடுங்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள்.