‘தி அவுட்சைடர்ஸ்’ பிறந்த கதை

1960-களில் அமெரிக்க நூலகங்களில் பதினைந்து வயதுக்காரர்கள் படிக்கக் கிடைத்தவை சொற்பம். குதிரைக் கதைகளை விட்டால், பள்ளி நடன விருந்துக்கு யாருடன் போவது என்று கவலைப்படும் பெண்களின் கதைகள். ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த சூசன் ஹின்டனுக்கு இவை அலுத்துப்போயின. தன் பள்ளியில் அன்றாடம் நடக்கிற எதுவும் இவற்றில் இல்லையே என்று அவருக்கு எரிச்சல்.

அங்கே மாணவர்கள் கோஷ்டி கட்டி நின்றார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ‘சோஷ்’. எண்ணெய் வைத்துத் தலைவாரிய ஏழைப் பையன்கள் ‘கிரீசர்’. சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்துபோன நண்பன் ஒருவனைச் சிலர் அடித்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தார் ஹின்டன். வயது 15.

கதையைச் சொல்பவன் போனிபாய். பெற்றோரை விபத்தில் பறிகொடுத்து, அண்ணன்களின் பராமரிப்பில் வளரும் 14 வயதுக் கிரீசர். எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹின்டனின் அப்பா மூளைக்கட்டியால் இறந்தார். நாவலைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிய அந்த நாட்களில், படைப்பிலக்கிய வகுப்பில் அவர் வாங்கிய மதிப்பெண் ‘டி’!

தோழி ஒருத்தியின் அம்மா சிறுவர் நூல் எழுத்தாளர். அவர் சொன்ன இலக்கிய முகவர் மூலம் கைப்பிரதி வைக்கிங் பதிப்பகத்துக்குப் போனது. 1967-இல் புத்தகம் வந்தபோது ஹின்டனுக்கு 18 வயது. பையன்களின் அடிதடிக் கதையைப் பெண் எழுதியதென்றால் மதிப்புரையாளர்கள் ஏளனமாகப் பார்ப்பார்களோ என்று பதிப்பகத்துக்குப் பயம். அட்டையில் ‘எஸ்.ஈ. ஹின்டன்’ என்று மட்டும் போட்டார்கள்.

புகழ் வந்ததும் எழுத்து நின்றுபோனது. தினம் இரண்டு பக்கம் எழுதினால்தான் வெளியே கூட்டிப்போவேன் என்று காதலர் கண்டிப்பாகச் சொன்ன பிறகே அடுத்த நாவல் உருவானது, 1971-இல் வெளிவந்தது. பின்னர் ‘ரம்பிள் ஃபிஷ்’, ‘டெக்ஸ்’ என்று தொடர்ந்தார்.

முதல் நாவலைத் தூக்கிச் சுமந்தவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களும். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ அருகே ஒரு பள்ளி மாணவர்கள், நூலகரோடு சேர்ந்து கையெழுத்திட்டு இயக்குநர் கொப்போலாவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1983-இல் வந்த திரைப்படம்.

இளையோருக்கு வாழ்நாள் பங்களிப்பு செய்த எழுத்தாளருக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது 1988-இல் தொடங்கப்பட்டபோது, அதை முதலில் பெற்றவர் ஹின்டன். இளையோர் நாவல் என்ற வகையே ‘தி அவுட்சைடர்ஸ்’ போட்ட பாதையில் வளர்ந்தது என்பார்கள். பதின்பருவத்தினருக்கு என்ன பிடிக்கும் என்று பெரியவர்கள் ஊகித்துக்கொண்டிருந்தபோது, அந்த வயதுப் பெண்ணே எழுதிக் காட்டிவிட்டார்.