கேடி என்றொரு சொல்

தமிழில் 'கேடி' என்றால் போக்கிரி. காவல்துறைப் பதிவேட்டின் ஆங்கில எழுத்துகள் இரண்டு ஒட்டிப் பிறந்த அச்சொல்லை நாளிதழ்கள் வழக்கில் நிலைக்கச் செய்தன. கோல்ஃப் திடலில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் பையனுக்கும் ஏறக்குறைய இதே ஒலியில்தான் பெயர். அதன் வேர் வேறு. இளைய மகனைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஸ்காட்லாந்துக்குப் போய், எடின்பரோ தெருக்களில் கடிதமும் சுமையும் கொண்டுபோன ஏவலாட்களின் பெயராகி, பின்பு திடலுக்குள் நுழைந்தது. 'எடுபிடி' என்பதே இதற்கு நேரான தமிழ் என்று நமக்குத் தோன்றுகிறது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இருப்போர்க்கு இந்த ஆட்டத்தோடு என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு உண்டு, கடல் கடந்த உறவு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடும் அண்டையிலிருந்த வடஆர்க்காடும் ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்கள். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் டர்பன் நகரத்துப் பையன்களாக வளர்ந்தபோது, வெள்ளையரின் கோல்ஃப் திடலுக்குள் செல்ல அவர்களுக்கு இருந்த வழி, பை தூக்குவதுதான்.

அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர் செவ்சங்கர் செவ்கோலம். 'பாப்வா' என்றால்தான் உலகுக்குத் தெரியும். பெயரைப் பார்த்தால் வடக்கிலிருந்து போன குடும்பம். நிறவெறிச் சட்டத்தின் முன் வடக்கு, தெற்கு என்ற பேதமெல்லாம் செல்லாது. இந்தியர் என்ற ஒரே பெட்டிதான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. மட்டையைப் பிடிக்கும்போது வலக்கை கீழே இருக்க வேண்டும் என்பது வலக்கை ஆட்டக்காரர்க்கான பாடம். பாப்வாவோ இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். திருத்த ஆளில்லாமற்போனதால் அது அவருடைய பாணியாகவே நிலைத்தது. பிச்சாவரத்துக் கால்வாய்களைப் படகு வலிப்பவர் அறிந்திருப்பது போல, புல்லின் சாய்வையும் கடற்காற்றின் திசையையும் அவர் நடந்து நடந்தே அறிந்திருந்தார்.

டர்பனில் வாழ்ந்த வேதியியலாளர் கிரஹாம் வுல்ஃப் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959-இல் டச்சு ஓப்பன் பட்டம் பாப்வாவுக்குக் கிடைத்தது. 1960-இலும் 1964-இலும் மீண்டும் வென்றார். இடையில் வந்தது 1963. தனி அனுமதியின் பேரில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் ஆடி, வெள்ளை ஆட்டக்காரர்களை வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர். வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார் வெற்றியாளர். அந்தப் புகைப்படம் உலகெங்கும் போயிற்று. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு அரங்கிலிருந்து ஒதுக்க வேண்டும் என்ற குரலுக்கு அது வலுச்சேர்த்தது. 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளினார். அதற்குப் பிறகு அரசு அவரைப் போட்டிகளிலிருந்து விலக்கியது, கடவுச்சீட்டையும் பறித்தது. 1978-இல் வறுமையில் இறந்தார். டர்பனில் ஒரு திடலுக்கு அவர் பெயரிட்டார்கள், காலம் கடந்து.

இந்தியாவில் சட்டம் தடுக்கவில்லை. பணமும் உறுப்பினர் சீட்டும் அந்த வேலையைச் செய்தன. அதையும் மீறி டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கிய அலி ஷேர் 1991-இலும் 1993-இலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சின்னசுவாமி முனியப்பா 2009-இல் வென்றார். கொல்கத்தாத் திடலில் புல் பராமரித்தவரின் மகனான சௌராசியா 2016, 2017 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அதே பட்டத்தைக் கைப்பற்றினார்.

இவர்களெல்லாம் கோப்பை வென்றதால் நம் காதுக்கு எட்டியவர்கள். கோப்பை வெல்லாத பையன் என்ன ஆனான்? வித்வானின் நாயனத்தைச் சுமந்தபடி ஊர் ஊராய்ப் போன சீடனுக்கு, சுமையின் மறுமுனையில் வித்தை இருந்தது. 'கேள்வி' என்று குறளில் ஓர் அதிகாரமே வைத்த மரபு நம்முடையது. திடலில் கேட்டும் பார்த்தும் கற்ற சிறுவனுக்கோ அன்றைய கூலியோடு கணக்கு முடிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு ஏட்டளவில் நில்லாத விடையொன்று சிகாகோவில் உருவானது. சிக் எவன்ஸ் சிறுவயதில் கேடியாக இருந்தவர்; 1916-இல் ஒரே ஆண்டில் அமெரிக்க ஓப்பன், அமெரிக்க அமெச்சூர் ஆகிய இரு பட்டங்களையும் வென்றவர். கோல்ஃப் பாடம் சொல்லும் இசைத்தட்டுகளால் பணம் வந்தது. அதைத் தொட்டால் அமெச்சூர் தகுதி போய்விடும். எனவே கேடிப் பையன்களின் கல்லூரிப் படிப்புக்கென அதை ஒதுக்கினார். 1930-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருவர் சேர்க்கப்பட்டனர். அங்கே அளவுகோல் பந்தடிக்கும் திறமையன்று: சுமந்த காலம், மதிப்பெண், குடும்பத்தின் தேவை, நடத்தை. இன்றுவரை 11,000-க்கும் மேற்பட்டோர் அந்நிதியால் பட்டம் பெற்றிருக்கின்றனர். பெண்பிள்ளைகள் தங்கிப் பை தூக்கிப் பழகவென ஒரு பயிற்சிப் பள்ளியை 2012-இல் தொடங்கினார்கள்.